ஆம்பிளைப் பிள்ளைக்குப் பூ வைக்கிறதில்லை

போன கிழமை தனுஜா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வெடுத்த பிறகு கடையில் என் இடத்துக்கு வந்திருக்கிற பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. யாரோ பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"பிலோமினாக்கா, ஒரு பெட்டைக்குப் பிறந்தநாளாம். உழவு டிரக்டர்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலில நிக்கிறாளாம். தாய் வந்து நிக்கிறா. நான் இதை நீலத் தாளில சுத்துறதோ, றோஸ் தாளில சுத்துறதோ?"

"இப்ப ஏதோ ஒண்டில சுத்திக் குடு. பின்னேரம் எடு, உனக்கு ஒரு கதை சொல்லுறன்" என்றேன்.

பின்னேரம் அவள் எடுக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதை கேட்க எங்கே நேரம்? ஆனால் என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவர். மீன் ஏலத்தில் நின்று நான் போடும் சத்தத்தைப் பார்த்து, "இவளின்ர வாய்க்கு ஒரு கடைதான் சரி" என்று சொல்லி ஒரு புடவைக் கடையில் சேர்த்துவிட்டார். அங்கே சீலை விரிக்கவும் மடிக்கவும், காலை மாற்றி மாற்றி நிற்கவும் பழகினேன். பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம். அதையெல்லாம் இங்கே எழுதினால் சிரிப்பு நின்றுவிடும், விடுகிறேன். திரும்பி வந்தபோது சபாரத்தினம் முதலாளி புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் விளையாட்டுச் சாமான் கடை போட்டிருந்தார். வீட்டுக்கே கூரை இல்லாத சனம் பொம்மை வாங்குமா என்று ஊர் சிரித்தது. வாங்கினார்கள். கூரைத் தகரத்துக்கு முதல் பிள்ளைக்குப் பந்து வாங்கிக்கொண்டு போன தகப்பன்மாரை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை முழுக்கைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, பூனை நடக்கிற மாதிரி நடை. வேலைக்கு நிற்கிற எங்களை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மேசையில் இருக்கிற பேனைகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நேராக அடுக்குவார். பேனை அடுக்குப்படத் தொடங்கினால் நாங்கள் அலுமாரித் தூசி தட்டத் தொடங்குவோம். காலையில் ஊதுபத்தி கொளுத்தியவுடன் எல்லாப் பொம்மைகளின் முகத்தையும் வாசலுக்குத் திருப்பி வைப்பார். "முகம் காட்டாத சாமான் விக்காது தங்கச்சி" என்பார். அவருடைய இன்னொரு பாடம், வாங்க வந்தவரை முகத்துக்கு நேரே திருத்தக் கூடாது என்பது. அந்தப் பாடம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

கொட்டில் கல்வீட்டுக் கடையான வருசம், முதலாளி சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு பெரிய கடையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் மேசன் வேலை முடியுமுன்னமே பெயின்ற் வாளியோடு நின்றார். ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் றோஸ். ஆண்பிள்ளைச் சாமான் வலப்பக்கம், பெண்பிள்ளைச் சாமான் இடப்பக்கம்.

"ஏன் முதலாளி, றோஸ் இடப்பக்கம்?" என்று கேட்டேன்.

"அர்த்தநாரீசுவரர் படம் பார்க்கேல்லையோ தங்கச்சி? அம்பாளுக்கு இடப்பக்கம்தானே."

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் முதலாளியின் மேசைக்கு மேலே அந்தப் படம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, பார்க்காமல் எப்படி இருப்பேன்? "அந்தப் படத்தில ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பெல்லோ முதலாளி?" என்றேன்.

முதலாளி பேனைகளை அடுக்கினார். நான் தூசி தட்டினேன்.

நீலச் சுவரை நிரப்ப முதலில் வந்தது ஒரு பெட்டி துவக்கு. பிளாஸ்ரிக் துப்பாக்கிதான், அமத்தினால் வெளிச்சம் எரிந்து சத்தம் போடும். மற்ற ஊர்களில் ஆண்பிள்ளைச் சாமான் என்றால் பாதி அதுதான் என்று கொழும்பு வியாபாரி சொல்லி ஏற்றிவிட்டிருந்தான். எங்கள் ஊரில் ஒன்றும் போகவில்லை. ஒரு தாய் தெரியாமல் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, வைத்த பிறகு கையைச் சீலையில் துடைத்தா. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே பெட்டியைக் கட்டி வந்த வழியே அனுப்பினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அந்த மனிசனில் எனக்கு இன்றைக்கும் மரியாதை. துவக்கு போன இடத்தில் லொறி, டிரக்டர், வள்ளம் என்று வைத்து நிரப்பினோம்.

சுவர் இரண்டானதோடு எங்கள் வேலைக்கும் ஒரு முறை வந்தது. யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பிள்ளை ஆம்பிளையோ, பொம்பிளையோ?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தவுடன் அந்தச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வயது, விருப்பம் எல்லாம் அதற்குப் பிறகு. சுற்றுகிற முறையும் அப்படியே. விலை ஒட்டியதைத் தேங்காயெண்ணெய் தொட்டு நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். தாளை மேசையில் குப்புறப் போட்டு, சாமானைத் தலைகீழாக வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து ஒட்ட வேண்டும். ஒட்டின இடம் கண்ணில் படக்கூடாது. பெண்பிள்ளை என்றால் றோஸ் தாள், மேலே றிபனில் ஒரு பூ. றிபனைக் கத்தரிக்கோல் அலகில் வைத்து ஒரே இழுவையாக இழுத்தால் சுருண்டு பூவாக நிற்கும். ஆண்பிள்ளை என்றால் நீலத் தாள், நேர் முடிச்சு.

"ஆம்பிளைப் பிள்ளைக்குப் பூ வைக்கிறதில்லை தங்கச்சி" என்று முதலாளி முதல்நாளே சொல்லிவிட்டார்.

இந்த முறையில் எங்களுக்கு வந்த வில்லங்கங்கள் கொஞ்சநஞ்சமல்ல. டொக்டர் செட் என்று ஒரு சாமான் வந்தது. நீலப் பெட்டியில் டொக்டர் படம், றோஸ் பெட்டியில் நேர்ஸ் படம். திறந்தால் இரண்டுக்குள்ளும் ஒரே குழாய், ஒரே ஊசி. அப்போது எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்திருந்த டொக்டர் ஒரு பொம்பிளை. அவா ஒருநாள் அண்ணன் மகளுக்குச் சாமான் வாங்க வந்து, இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் இதில எந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறன் அக்கா?" என்று என்னைக் கேட்டா. நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி பேனையைப் பார்த்தார்.

இனித் தேவகியின் கதை.

தேவகிக்குச் சண்டைக் காலத்தில் புதைத்த மிதிவெடி எடுக்கிற வேலை. விடியமுன் வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போகும், வெயில் சாய்ந்த பிறகு சந்தியில் இறக்கிவிடும். முகத்துக்குக் கண்ணாடித் தலைக்கவசம் போட்டு, முழங்காலில் நின்று, ஒரு சாண் நிலத்தைக் கிளற அரைநாள் பொறுமையாக இருக்கிற பெண். அன்றைக்குச் சந்தியில் இறங்கின சப்பாத்துக் காலோடேயே கடைக்கு வந்தாள். "அக்கா, மகனுக்கு ஏழு வயசாகுது. வாற ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். எனக்கு அந்தக் குசினிச் செட்டை எடுத்துத் தாங்கோ."

றோஸ் அடுப்பு, றோஸ் சட்டி, றோஸ் மூடி, றோஸ் கரண்டி, முள்ளுக்கரண்டி. அந்தச் செட்டில் கறுப்பாக இருந்தது விலை எழுதின மை மட்டும்தான்.

"மகனுக்கோ?" என்று கேட்டேன். கேட்கிற முறை அப்படி ஆகிவிட்டது, என்ன செய்வது.

"ஓம் அக்கா, அகரனுக்கு. கேட்டுக் கேட்டு என்னைத் திண்டிட்டான்." பிறகு சுவர் இரண்டையும் பார்த்துச் சிரித்தாள். "எங்கட வேலையில சிவப்புத் தடி நட்டால் கால் வைக்கக் கூடாது, வெள்ளைத் தடி நட்டால் நடக்கலாம். நிறம் பிழைச்சால் கால் போயிடும். உங்கட கடையில நிறம் பிழைச்சால் என்ன போகும் அக்கா?"

நான் செட்டை இறக்கி, விலை ஒட்டியதைச் சுரண்டத் தொடங்கினேன்.

வீட்டில் வைத்தால் பையன் கண்டுபிடித்துவிடுவான், அதனால் கடையிலேயே வைத்திருங்கோ, ஞாயிறு காலமை கணவர் ஜெயந்தன் வந்து எடுப்பார் என்று சொன்னாள். என்னையும் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். போகும்போது ஒரு சொல்லும் சொன்னாள்: "வவுனியாவில இருந்து மச்சாளும் வாறா. அவாவுக்கு முன்னால பிள்ளை இதைத் திறக்கவேணும் அக்கா." ஏனென்று நான் கேட்கவில்லை. முதலாளி இவ்வளவையும் கேட்டுக்கொண்டு காசு மேசையில் இருந்தார். காசை வாங்கி மேசைக்குள் போட்டார். நான் நீலத் தாளில் சுற்றி, பையனின் பெயர் எழுதி ஒட்டி, அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே தேவகி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பந்தல், பலூன், கேக். நடுக் கதிரையில் ஜெயந்தனின் அக்கா புஸ்பம் இருந்தா. பருத்த உடம்பு, பெரிய பொட்டு, பெரிய குரல். போனதும் என்னைப் பிடித்து வைத்துத் தம்பி பெண்சாதியின் புகழ் பாடத் தொடங்கிவிட்டா. "மிதிவெடியும் எடுத்து இப்பிடிக் கறியும் வைக்கிற பொம்பிளையை எங்கையும் கண்டிருக்கிறியளோ? என்ர மருமோள் இருக்கிறாள், வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ஒரு சொதி வைக்கத் தெரியாது. இவளைப் பார் எண்டு தினமும் சொல்லுறனான்."

ஜெயந்தனைக் காணவில்லை. பின்வளவில் விறகு கொத்துகிறார் என்றாள் தேவகி. நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனால், தேவகி உப்புத் தேடிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பேணியைத் திறந்தாள், கோப்பித்தூள். மற்றதைத் திறந்தாள், சீனி. பின்கதவால் ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு மேல்தட்டைக் காட்டியது. உப்பு அங்கேதான் இருந்தது. தேவகி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கேக் வெட்டினார்கள். அகரன் நீலத் தாளைக் கிழித்தான். உள்ளே இருந்தது டிரக்டர். கடையிலேயே விலை கூடின டிரக்டர், பின்னால் இழுவைப் பெட்டியும் பூட்டினது.

பையன் அழவில்லை. அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, கிழித்த தாளைத் தூக்கிப் பார்த்தான், மேசைக்குக் கீழே பார்த்தான். "அம்மா, மற்றது எங்கை?" என்றான். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தேவகி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அவளை ஏமாற்றிவிட்டேன் என்று இருந்தது.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். முதலாளி பொம்மை ஒன்றின் தலைமயிரைச் சீவிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, அடுப்பு எங்கை?"

"அங்கைதான் இருக்குது தங்கச்சி. அந்தப் பிள்ளை வேலைக் களைப்பில மாறிச் சொல்லிப்போட்டுது. முகத்துக்கு நேரே சொன்னால் வெக்கப்படும். அதுதான் நான் மாத்தி வைச்சனான். கூடின காசு என்ர பொறுப்பு."

"மாறிச் சொல்லேல்லை முதலாளி. ஒரு சாண் நிலத்தை அரைநாள் பார்க்கிறவள், பிள்ளை கேட்டதை மாறிச் சொல்லுவாளோ? நாளைக்கு என்னை வேலையால நிப்பாட்டினாலும் பரவாயில்லை, அடுப்பைத் தாங்கோ."

முதலாளி பேனையைத் தொடவில்லை. குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "தகப்பன் வரேக்க நான் சொல்லித்தானே குடுத்தனான்? குசினிச் செட்டுக்குப் பதிலாய் டிரக்டர் வைச்சிருக்கிறன் தம்பி எண்டு. அது நல்லம் எண்டார். பெரிய மூச்சொண்டு விட்டுட்டுப் போனார்."

நான் வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். அக்காவின் வாயும், பின்கதவால் நீண்ட கையும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்த வீட்டில் உலை வைப்பது யார் என்று தெரிந்துவிடும் என்ற பயத்தில், மகனின் அடுப்பை அந்த மனிசன் கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கோபம் போய் எனக்கு அவரில் பாவமாக இருந்தது. பாவம் பார்த்து அடுப்பையும் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிசம் யோசித்தேன். ஆனால் தாளைத் தூக்கிப் பார்த்த அந்தப் பிள்ளையின் முகம் விடவில்லை. நடந்ததை முதலாளிக்குச் சொன்னேன்.

அவர் சேட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். "மாத்தினது நான். நான்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும்." அவர் மோட்டார்சைக்கிளில் முன்னால், நான் ஸ்கூட்டியில் பின்னால், அடுப்பு என் காலடியில். தாளும் இல்லை, முடிச்சும் இல்லை. சந்தைச் சனம் முழுக்க றோஸ் அடுப்பின் ஊர்வலத்தைப் பார்த்தது.

முற்றத்தில் அடுப்பைக் கண்டதும் புஸ்பமக்கா, "இதென்ன, ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுப்போ?" என்றா.

முதலாளி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். தேவகி முந்திவிட்டாள். "ஓம் மச்சாள். நான்தான் வாங்கினனான்."

அகரனுக்கு இந்தப் பேச்சொன்றும் காதில் விழவில்லை. அடுப்பை நிலத்தில் வைத்தான். ஓடிப்போய்த் துவாய் ஒன்றை எடுத்து வந்து தலையில் இறுக்கிக் கட்டினான். சட்டியை ஏற்றினான், கிண்டினான், கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி நக்கினான். பிறகு பெரிய மனிசக் குரலில், "ம்ம், உப்புக் காணாது. கெதியா இறக்கோணும், தேவகி வாற நேரமாச்சு" என்றான்.

பந்தலுக்குக் கீழே எல்லாத் தலையும் பையன் பக்கம் திரும்பியது. பையன் அதையும் கவனிக்காமல் பின்வளவைப் பார்த்து, "அப்பா, இதில அகப்பை இல்லை!" என்று கத்தினான்.

"ஜெயந்தன், இஞ்சை வா" என்றா அக்கா.

ஜெயந்தன் வந்தார். விறகு கொத்தப் போனவரின் கையில் கோடரி இல்லை, அகப்பை இருந்தது. தலையில் துவாய்.

"அப்ப, பொங்கலுக்கு மற்ற நாள் நான் திண்ட இறால் கறி?"

"நான்தான் அக்கா."

"தீபாவளிக்குக் கட்டித் தந்துவிட்ட ஆட்டிறைச்சி?"

"அதுவும்தான்." குனிந்த தலை நிமிரவில்லை. "இவள் விடிய முன்னம் போறாள். வந்தால் கை நடுக்கம். அந்தக் கையால என்னெண்டு உலை வைக்கச் சொல்லுறது அக்கா?"

புஸ்பமக்கா தம்பியின் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தா. பிறகு நெஞ்சில் கைவைத்தா. "ஐயோ, வவுனியா முழுக்க இவளின்ர கைப்பக்குவம் எண்டு சொல்லிப்போட்டனே. என்ர மருமோளை இதைச் சொல்லியே எத்தினை நாள் திண்டனான். இனி என்னத்தைச் சொல்லி அவளை ஏசுறது?"

"உங்கட மோனை ஏசுங்கோ மச்சாள்" என்றாள் தேவகி.

முதலில் சிரித்தது நான். பிறகு பந்தலே சிரித்தது. கடைசியாகச் சிரித்தது புஸ்பமக்கா, கதிரை குலுங்கக் குலுங்க. தேவகி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். செய்யாத கறிக்கு வந்த புகழை இத்தனை காலம் சுமந்தவளுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும். முதலாளி இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். டிரக்டரை அவர் கேட்கவும் இல்லை, அவர்கள் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

ஜெயந்தன் மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "உப்புப் போட்டனியோ?" என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளே தெரிந்ததோடு போகட்டும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் அவர் நினைப்பார் என்று நான் எண்ணினேன்.

அடுத்த நாள் சந்தை நாள். கடை நிறையச் சனம். ஜெயந்தன் மேசன் வேலையால் நேரே, சீமெந்து படிந்த கையோடு வந்து, நீலச் சுவர்ப் பக்கம் திரும்பியும் பார்க்காமல், றோஸ் சுவருக்கு முன்னால் போய் நின்றார். "அந்தச் செட்டில முள்ளுக்கரண்டி கிடக்குது, அகப்பை இல்லை. ஒரு அகப்பை வேணும்" என்றார். அது எல்லாருக்கும் கேட்டது.

முதலாளி காசு எண்ணிக்கொண்டு குனிந்த தலையோடு இருந்தார். பழகின வாய், தன்பாட்டில் கேட்டது: "பிள்ளை ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"சமைக்கிற பிள்ளை, முதலாளி."

முதலாளி நிமிர்ந்தார். யாரென்று கண்டார். எழும்பிப் போய், கோயில் திருவிழாக் கடைக்கென்று எடுத்து வைத்திருந்த சின்னத் தேங்காய்ச் சிரட்டை அகப்பை ஒன்றைத் தேடி எடுத்தார். சுற்றுகிற மேசை என்னுடையது. நான் கை நீட்டினேன், அவர் தரவில்லை. தானே கிட்டக் கிடந்த தாளை இழுத்தார். அது என்ன நிறத் தாள் என்று எனக்கு இன்றைக்கு நினைவில்லை. ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டினார். பிறகு றிபனை எடுத்து, கத்தரிக்கோல் அலகில் வைத்து ஒரே இழுவையாக இழுத்து, பெரிதாக ஒரு பூச் செய்து மேலே வைத்தார். ஜெயந்தன் அப்போதுதான் சிரித்தார்.

தனுஜா, கேட்டுக்கொள். இனியும் ஒரு பெட்டை டிரக்டர் கேட்டு வந்தால், எந்தத் தாளிலாவது சுத்து. பூவை மட்டும் மறந்திடாதை.